டூலெட் விளம்பரத்தில ட்ரிப் சுவிட்ச்சையும் போடச் சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில வாற 'வீடு வாடகைக்கு' பகுதிய விடாம வாசிக்கிற ஆள் நான். டைல்ஸ், ஏசி, பார்க்கிங், கடற்கரைக்கு கிட்ட எண்டு எல்லாம் போடுறாங்க, பியூஸ் போர்ட் எந்தக் காலத்து, ஆளுக்கு கரண்ட் அடிச்சா உடன வெட்டுற ட்ரிப் சுவிட்ச் இருக்கா எண்டு மட்டும் ஒருத்தரும் போடுறதில்ல.

தங்கச்சி குடும்பத்துக்கு வெள்ளவத்தையில வீடு பாக்கப் போன இடத்தில, கதவுக்குப் பின்னால பழைய மரப்பலகையில வெள்ளைப் பீங்கான் பியூஸ் வரிசையா இருந்துது. மெயின ஓஃப் பண்ணிட்டு ஒண்டக் கழட்டிப் பாத்தா, பியூஸ் கம்பிக்குப் பதிலா ஏதோ வயர உரிச்சு எடுத்த செப்பு இழையள முறுக்கிச் சுத்தி வச்சிருக்கு. 5 அம்பியர் கம்பி இருக்கவேண்டிய இடம், இது எத்தினையில உருகும் எண்டு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம், அதுக்கு முதல் சுவருக்குள்ள வயர் உருகிடும். நியூட்ரலுக்கும், அதாவது கரண்ட் திரும்பிப் போற கம்பிக்கும், தனிப் பியூஸ் வேற. அது போனா லைட் அணையும், ஆனா ஹோல்டரில 230 வோல்ட் அப்பிடியே நிக்கும், கரண்ட் இல்ல எண்டு நினைச்சு கை வைக்கிற ஆளின்ட கதி என்ன?

வீட்டுக்கார அன்ரி சொன்னா, "தம்பி, அப்பா கட்டின நாளில இருந்து ஒண்டும் நடக்கேல்லயே" எண்டு. அப்பா கட்டேக்க நாலு லைட்டும் ஒரு ஃபேனும் ரேடியோவும்தானே, இப்ப ஏசி, கீசர், வாஷிங் மெஷின், 2000 வாட் கெட்டில் ஒண்டே கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும்.

பியூஸ் வயரத்தான் காப்பாத்தும், ஆளை இல்ல. ஒராளுக்கு கரண்ட் அடிக்கேக்க அவரில போறது அரை அம்பியரும் வராது, அதுக்கு எந்தப் பியூஸும் போகாது, ஆனா உயிர் போக அது தாராளம். ட்ரிப் சுவிட்ச், கரண்ட் வாற லைவ் கம்பியில போறதும் நியூட்ரலில வாறதும் சரியா எண்டு பாத்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி அம்பியர் குறைஞ்சாலே கரண்ட வெட்டி விழுந்திடும்.

ஆனா பழைய போர்ட எடுத்திட்டு ட்ரிப் சுவிட்ச் போர்ட மட்டும் மாத்திட்டு வேலை முடிஞ்சுது எண்டு போற பாஸ்மாரும் இருக்கினம். பழைய வீடுகளில எர்த்த, அதாவது கசியிற கரண்ட நிலத்துக்குள்ள இறக்கிற கம்பிய, தண்ணி பைப்பில குடுத்திருப்பாங்க, பைப் பிவிசிக்கு மாறினதோட எர்த்தும் போச்சு, எர்த் இல்லாட்டியும் ட்ரிப் சுவிட்ச் விழும்தான், ஆனா ஆள் தொட்ட பிறகுதான் விழும். அதால புது எர்த் ரொட் அடிச்சு, பழைய ரப்பர் வயர்கள மெகர் எண்ட, வயரின்ட உறை கரண்டக் கசிய விடுதா எண்டு பாக்கிற மெஷின வச்சு டெஸ்ட் பண்ணி, தாங்காதத மாத்தோணும். அடிக்கடி விழுது எண்டு, புது போர்டில பியூஸுக்குப் பதிலா இருக்கிற 16 அம்பியர் பிரேக்கரக் கழட்டிட்டு 32 போடுறது முறுக்கின செப்புக் கம்பிக்கு அண்ணன் மாதிரி.

வாடகைக்கு இருக்கிறவையால இதைச் செய்ய ஏலாது, சொந்தக்காரர்தான் செய்யோணும். அதால விளம்பரம் எடுக்கேக்க ட்ரிப் சுவிட்ச் இருக்கா, எர்த் இருக்கா எண்டு உங்கட ஆக்கள் ஒரு கேள்வி கேட்டுப் போட்டா பெரிய உதவி, ரெண்டு சொல்லுத்தானே.

வீடு பாக்கப் போறவை, வீட்டுக்காரரக் கேட்டிட்டு ட்ரிப் சுவிட்ச்சில இருக்கிற டெஸ்ட் பட்டன அமத்திப் பாருங்க. உடன விழோணும். விழாட்டி, மாத்தித் தாறம் எண்டு வாயால சொல்லுறத நம்பி அட்வான்ஸ் குடுக்காதேங்க.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06