ஒரு தாதியைக் கேட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளை உண்டானது தெரிந்த அன்றே பாசமுள்ள தாய் ஹெராயினையும், அதற்கு மாற்றாக மருத்துவர் கொடுக்கும் மெத்தடோன் மருந்தையும் ஒருசேர விட்டுவிடுவாள், மனவுறுதி இருந்தால் போதும் என்று சென்ற இதழில் உங்கள் கட்டுரையாளர் அருளியிருக்கிறார். அவர் எத்தனை பிரசவம் பார்த்தவரோ! பிரசவ வார்டிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான்.

அந்த அறிவுரையை நம்பி ஒருத்தி திடீரென்று நிறுத்தினால் கருப்பை சுருங்கத் தொடங்கலாம், குறைப்பிரசவம் ஆகலாம், வயிற்றுப் பிள்ளையும் சேர்ந்து தவிக்கும். வேதனை தாங்காமல் அவள் மறுபடி ஊசியைத்தான் தேடுவாள். கர்ப்பிணிகளுக்கு மெத்தடோன் அல்லது அதே போன்ற மாற்று மருந்தான புப்ரெனார்ஃபின் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இலேயே வழிகாட்டியிருக்கிறது. நீங்கள் அறியாததா?

என் அண்ணன் மகள் கதையைக் கேளுங்கள். மாதம் ஏற ஏற உடம்பில் இரத்தம் பெருகுவதால் அவள் குடித்துவந்த மெத்தடோன் பழைய அளவில் போதவில்லை. மருத்துவர் கூட்டிக் கொடுத்தார். "போதை முற்றிவிட்டது" என்று கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினார்கள், நம்மவர்கள்தாம். விடியற்காலையில், வயிற்றைத் தூக்கிக்கொண்டு காவல் நிலைய வாசலில் வரிசையில் நின்று அந்தச் சிறு குவளை மருந்தைக் குடித்துவிட்டு வருவாள். நோயாளியைக் காவல் நிலையத்துக்கு அனுப்பும் யோசனை எந்த மேதைக்கு வந்ததோ!

பிறந்த பிள்ளை நடுங்கியது, ஓயாமல் தும்மியது, வீறிட்டு அழுதது. விரிப்பில் உரசி உரசி மோவாய் சிவந்திருந்தது. மருந்து விலகும்போது வருகிற தொல்லை அது, சரியாகக் கவனித்தால் குணமாகும். தாயைப் பிரித்து வைக்கச் சொன்னார் ஓர் இளம் மருத்துவர். நான் விடவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து, மார்போடு அணைக்கச் சொல்லி, அவளுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று உறுதியானதால் தாய்ப்பாலும் கொடுக்க வைத்தோம். உங்கள் காவடிச் சிறப்பிதழின் கூட்டப் படத்தில் அந்தப் பயலும் நிற்கிறான். எந்த மூலையில் என்று சொல்லமாட்டேன்.

இந்த மொரீசியஸ் தீவில் போதை ஊசி வழியே எச்.ஐ.வி. பரவியதால்தான் 2006-இல் மெத்தடோன் வந்தது. 2015-இல் அந்தச் சிகிச்சையில் புதியவர்களைச் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. 2017-இல்தான் மறுபடி திறந்தது. என் அண்ணன் மகள் முன்பே சேர்ந்திருந்ததால் தப்பினாள். வெளியே நின்றவர்களில் கர்ப்பிணிகள் இல்லையா என்று அப்போதே உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் எந்தக் கூடைக்குப் போனதோ! பத்திரிகை நடத்துபவருக்கு ஆயிரம் வேலை, கிழவியின் கடிதத்துக்கு நேரம் ஏது?

கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் மெத்தடோனை நிறுத்தக் கூடாது என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். அமைச்சர் மாலை வாங்கும் படத்தைச் சற்றுச் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி, ரோஸ் ஹில், மொரீசியஸ்
(பெயரை வெளியிட வேண்டாம்; அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.)