ஏரிக்குள்ள 11.30 மணி மேட்ச்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம டோர்னமெண்ட்ல எங்க டீம் விட்ட கேட்ச் மொத்தம் ஆறு. அதுல ரெண்டு என்னுது, நான்தான் கீப்பரு, கைல கிளவுஸ் போட்டுக்கிட்டே விட்டேன். இப்ப டீக்கடப்பக்கம் போனா "அண்ணா கைல எதனா ஓட்ட இருக்கா"ன்னு சின்னப்பசங்க கேக்கறானுங்க. சப்பக்கட்டு கட்றேன்னு நெனச்சாலும் பரவால்லன்னுதான் இத எழுதறேன்.

நாங்க காவேரிப்பட்டினம் பக்கம். எங்க கிரவுண்டு வேற ஒண்ணும் இல்ல, ஏரிதான். மழ பேஞ்சா ஏரி, சித்திரை வைகாசில கிரவுண்டு. தரை பாளம் பாளமா வெடிச்சு கெடக்கும், நேரா உருண்டு வர்ற பந்து வெடிப்புல பட்டா மூஞ்சிக்கு எழும்பும். நெழலுன்னு பாத்தா ஓரத்துல நாலு சீமக்கருவேல மரம், அதுக்கடியிலயும் பைக்க நிறுத்தி வச்சிருப்பாங்க, பைக்குக்கு இருக்கற நெழலு பீல்டருக்கு கெடயாது.

எங்க மேட்ச் 9 மணின்னுதான் சொன்னாங்க. முந்தின மேட்ச்ல ஒரு ரன் அவுட்டுக்கு சண்ட வந்து, அம்பயர் கோவிச்சிக்கிட்டு வண்டி எடுத்துட்டு போய்ட்டாரு, அவர சமாதானம் பண்ணி கூட்டியாறதுக்குள்ள 11.30 ஆயிடுச்சு. டாஸ் தோத்தோம், அவங்க பேட்டிங்னுட்டாங்க. கத்திரி வெயில்ல யாரு பீல்டிங் எடுப்பாங்க, நாங்களா இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்போம்.

எங்க டீம்ல பாதிப்பேரு முப்பத்தஞ்ச தாண்டினவங்க. ஒருத்தர் லாரி ஓட்றாரு, ஒருத்தருக்கு செல்போன் கட, ஒரு தம்பி ஓசூர்ல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு தூங்காம நேரா வந்தவரு. மூணு ஓவர் வரைக்கும் நல்லாத்தான் இருந்தோம். அப்பறம் பவுலருக்கு கை வேர்த்து பந்து வழுக்க ஆரம்பிச்சுது, ஒயிடு மேல ஒயிடு, தூக்கி அடிச்ச பந்து வெயில்ல எங்க போச்சுன்னே தெரியல, லாங் ஆஃப்பும் லாங் ஆனும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க, பந்து நடுவுல விழுந்துச்சு. கரையத் தாண்டி மாந்தோப்புக்குள்ள சிக்ஸ் போனா மட்டும் நாலு பேரு ஓடுவோம். பந்து மேல அக்கற இல்லைங்க, பெங்களூரா மாமரத்தடில ரெண்டு நிமிஷம் நிக்கலாமேன்னுதான். தோப்புக்காரரு மாங்கா திருட வந்தோம்னு கத்துவாரு, அதயும் கேட்டுக்குவோம்.

எட்டாவது ஓவர்ல அந்த ஓசூர் தம்பி லாங் ஆன்ல அப்படியே உக்காந்துட்டாரு. மைக்குல ஒருத்தன் "பீல்டர் ரெஸ்ட் எடுக்கறாரு"ன்னு கமெண்ட்ரி சொல்லி எல்லாரும் சிரிச்சாங்க. கிட்ட போய் பாத்தா கெண்டக்கால் இழுத்துக்கிச்சு, கண்ண இருட்டுதுங்கறாரு, வாந்தி வேற. தூக்கிட்டு போய் பைக்க தள்ளிட்டு நெழல்ல படுக்கவச்சு, தலைல தண்ணி ஊத்தி, ஸ்கோர் நோட்டால விசிறி, உப்பு போட்ட மோரு குடுத்தப்பறம்தான் தெளிஞ்சாரு. இதுவே உடம்பு 40 டிகிரிக்கு மேல கொதிச்சு பேச்சு கொளறுச்சுன்னா ஹீட் ஸ்ட்ரோக்காம், மோரு குடுத்துட்டு உக்காந்திருக்காம 108-க்கு அடிக்கணும்னு ஊரு நர்சம்மா அப்பறம் திட்னாங்க.

1986-ல சேப்பாக்கத்துல டை ஆன டெஸ்ட்ல ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சாரு, அவுட் ஆனதும் ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏத்துனாங்க. அவருக்கே அந்த கதி, ஷிப்ட் முடிச்சு வந்தவருக்கு கேக்கணுமா. டிவில சொல்ற டிகிரி கூட நெழல்ல வச்ச தெர்மாமீட்டர்ல எடுக்கறதுதான், ஏரி நடுவுல நிக்கறவனுக்கு அது பொருந்தாது. வெப்ப அலைய மாநில பேரிடர்னு தமிழ்நாடு அரசாங்கமே 2024-ல அறிவிச்சிருக்கு, எங்க பக்கத்து டோர்னமெண்டுக்கு மட்டும் அந்த சேதி வந்து சேரல.

நடத்தறவங்க எல்லாம் நம்ம பசங்கதான், கெட்ட எண்ணம் கெடயாது. ஆனா ஆளுயரத்துக்கு கப்பு வாங்க காசிருக்கு, ஒரு சாமியானா பந்தலுக்கு இல்லங்கறாங்க. காலைல 6.30-க்கு ஆரம்பிச்சு 10 மணிக்கு நிறுத்திட்டு, மிச்சத்த சாயந்தரம் 4-க்கு மேல வச்சா என்ன கொறஞ்சிடும்? அஞ்சு ஓவருக்கு ஒருக்கா தண்ணிக்கு விடணும், கலர் வேணாம், ஒரு பான மோரோ ராகி கூழோ போதும், எங்க ஊர்ல அதுக்கா பஞ்சம். மயக்கம் வந்தவருக்கு பதிலா வேற ஆள எறக்க விடணும், அன்னிக்கு "ரூல் இல்ல"ன்னு சொல்லி கடைசி ரெண்டு ஓவர் பத்து பேரோட நின்னோம்.

மத்த ஊர்ல டோர்னமெண்ட் நடத்தறவங்களும் படிப்பாங்கன்னுதான் உங்க பத்திரிகைக்கு எழுதறேன். எங்களுக்கு அடுத்த மேட்ச் வர்ற ஞாயிறு, மூணாவது எடத்துக்கு. டைம் கேட்டேன், 11 மணிக்கு மேலன்னாங்க.

இப்படிக்கு,
ஆறுல ரெண்டு கேட்ச் விட்ட கீப்பர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.