நீங்கள் எதைக் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும்

அன்பானவர்களே,

என் மனைவி ரத்தப் புற்றுநோயில் போய் நான்கு மாதம் ஆகிறது. அடக்க ஆராதனை முடிந்த வாரமே இதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் எழுத உட்கார்ந்தால் "உங்கள் எல்லாருடைய உதவிக்கும் நன்றி" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, அந்த ஒரு வரியை மட்டும் அனுப்ப மனசும் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் வேதத்தில் ரோமர் 16 வாசித்தேன், பெயர்ப் பட்டியல்தானே என்று வழக்கமாகத் தாண்டிப்போகிற அதிகாரம். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லாவைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் அதில் "என் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள்" என்று எழுதுகிறார். பிலிப்பியர் நிருபத்திலும் அப்படித்தான்: சபை கொடுத்தனுப்பியதைச் சுமந்துகொண்டு காவலில் இருந்த பவுலிடம் வந்த எப்பாப்பிரோதீத்து, வியாதிப்பட்டுச் சாவு வரைக்கும் போய்வந்ததை எல்லாரும் அறிய எழுதிவைக்கிறார். கொடுத்தவர் எதை இழந்தார் என்று சொல்லித்தான் பவுல் நன்றி சொல்கிறார். நானும் அப்படியே சொல்லிப் பார்க்கிறேன். பெயர் போடக் கூடாது என்று நீங்கள் எல்லாருமே சொல்லிவிட்டீர்கள், சரி, போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

முதலில் பிளேட்லெட் கொடுத்தவர்கள். இந்த அனுபவம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ கொடுக்கும்போது ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஓய்ந்துவிடும், ரத்தம் உறைய உதவும் சிறு அணுக்களான பிளேட்லெட் மளமளவென்று இறங்கும், ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிய ஆரம்பிக்கும். சிவப்பணுக்களைக் குளிரில் ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம். பிளேட்லெட் அப்படியில்லை, அறை வெப்பத்தில் அசைத்துக்கொண்டே வைத்தாலும் சுமார் 5 நாள்தான் தாங்கும். அதனால் நிறைய சேர்த்துவைக்க வழியில்லை, ஒவ்வொரு முறையும் யாராவது வந்து படுக்கத்தான் வேண்டும். எடுக்கிற ரத்தத்தை இயந்திரம் பிரித்து, பிளேட்லெட்டை வைத்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பி அனுப்பும், அதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். வனாந்தரத்தில் தேவன் தினமும் கொடுத்த உணவான மன்னாவை மறுநாளைக்கென்று மீத்துவைத்தவர்களுக்கு அது பூச்சிபிடித்து நாறியது என்று யாத்திராகமத்தில் இருக்கிறதே, அவள் வியாதியாக இருந்த அந்தப் பதினொரு மாதமும் நானும் அவளும் அதைத்தான் அடிக்கடி பேசிக்கொள்வோம். போன வாரம் ஒருவர் கொடுத்தது இந்த வாரம் அவள் உடம்பில் இருக்காது. இன்னொருவர் வர வேண்டும்.

வந்தீர்கள். ஐயா, நீங்கள் மட்டும் ஏழு முறை வந்தீர்கள். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு அன்றைய சம்பளம் போனது, அது எனக்கு ஐந்தாவது முறைதான் தெரிந்தது, அதுவும் உங்கள் மகன் வாய்தவறிச் சொல்லி.

தம்பி, உங்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை நடுங்குகிறது. சபைக் கூட்டத்தில் நான் எல்லார் முன்பும் உங்களைப் பேசிய பேச்சுக்கு அப்புறம் இரண்டு வருடம் நமக்குள் முகம் பார்த்த பேச்சே இல்லை. அன்று வராந்தாவில் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தபோது, வேறு யாருக்காகவோ வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். "நாம் தேவனுக்குச் சத்துருக்களாயிருக்கையில்" என்று, கிறிஸ்து நமக்காக மரித்ததைச் சொல்கிற வசனத்தை ஞாயிறு பள்ளி வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறவன் நான். அந்த வராந்தாவில்தான் அது எனக்குப் புரிந்தது. இன்னொரு முறை, எல்லார் முன்பும், மன்னிப்புக் கேட்கிறேன்.

அக்கா, நீங்கள் இரவுகளைக் கொடுத்தீர்கள். உங்கள் முழங்கால் வலியோடு, வாரத்தில் இரண்டு இரவு அந்த நாற்காலியில். அவள் படுக்கையை அழுக்காக்கிவிட்ட இரவில் நீங்கள் துணியை எடுத்தபோது நான் தடுத்தேன், "நீங்க வேண்டாம்க்கா, நான் செய்றேன்" என்று ஏறக்குறைய உங்கள் கையிலிருந்து பிடுங்கினேன். அப்போது படுத்திருந்தவள்தான் சொன்னாள்: "விடுங்க, பேதுரு மாதிரி பண்ணாதீங்க." நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று, தன் கால்களைக் கழுவ விடாமல் தடுத்த பேதுருவிடம் இயேசு சொன்னதை அத்தனை பலவீனத்திலும் அவள் நினைவில் வைத்திருந்தாள். ஒருவருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க வைராக்கியமாக இருந்தவன் நான், அதைப் பக்தி என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு வாசலில் நின்றுகொண்டு, நீங்கள் அவளைத் துடைத்துவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

பணம் கொடுத்தவர்களே, மக்கெதோனியச் சபைகள் தங்கள் திராணிக்கு மிஞ்சியும் கொடுத்தார்கள் என்று பவுல் எழுதினாரே, உங்களில் மூன்று குடும்பமாவது அப்படித்தான் கொடுத்தது. அது எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து, "இத்தனை பேர் இவ்வளவு செய்தும்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதிக் கேள்வி என்னை விடவில்லை. தியாக அன்பு என்று நாம் பாடுகிறோம், பிரசங்கிக்கிறோம், ஆனால் அதற்குப் பலன் கிடைக்காதபோது அதை என்னவென்று சொல்வது? பெத்தானியாவில் ஒரு பெண் விலையேறப்பெற்ற தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றினபோது சீஷர்களும் இதைத்தான் கேட்டார்கள்: இந்த வீண்செலவு என்னத்திற்கு? அந்தத் தைலம் சிலுவையைத் தடுக்கவில்லை. இரண்டு நாளில் பஸ்கா பண்டிகை வரும், அப்போது தம்மைச் சிலுவையில் அறைவார்கள் என்று அவருக்குத் தெரியும், ஊற்றியது தம்முடைய அடக்கத்துக்கு என்று அவரே சொல்கிறார், ஆனாலும் அதை நற்கிரியை என்கிறார். சாகப்போகிற சரீரத்தின் மேல் ஊற்றியதை அவர் வீண் என்று சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்வேன்? அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு இரவுகூட அவள் தனியாகக் கண் விழிக்கவில்லை. கடைசி வாரம்வரை மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். அந்தப் பின்னல் ஒவ்வொன்றும் உங்கள் ரத்தத்தில் போட்டது.

இன்னும் ஒன்று. அவளுக்குப் பிளேட்லெட் கொடுக்க நானும் போனேன். ஹீமோகுளோபின் போதாது என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது சரியாகிவிட்டது, போன வாரம் போய்ப் படுத்தேன். யாருக்குப் போகிறது என்று கேட்டேன், சொல்ல மாட்டோம் என்றார்கள். அரை மணி நேரத்தில் உதட்டைச் சுற்றிக் குறுகுறுவென்று மரத்துப்போக ஆரம்பித்தது, உடம்பில் ஒரு குளிர். பயந்துவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து சேர்க்கிறோம், அது கால்சியத்தைக் கொஞ்சம் இறக்கும், பலருக்கும் இப்படி வரும் என்று நர்ஸ் சொன்னார். ஏழு முறை வந்த ஐயா, தம்பி, மற்ற எல்லாரும், ஒவ்வொரு முறையும் வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தானே போனீர்கள். ஒருவர்கூட இதை என்னிடம் சொல்லவில்லையே.

உங்கள் சகோதரன்