மூங்கில் தட்டும் இறகு அங்கியும்

டேலி சிட்டி, கலிபோர்னியா
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. வெயிலில் அலைய விடாதே.

பதில் எழுதத் தாமதமானதற்குப் பக்கத்து வீடுதான் காரணம். லெய்ட்டே தீவிலிருந்து வந்த பிலிப்பினோ குடும்பம். அந்த வீட்டுப் பெண் கல்லூரி விழாவுக்காகக் கார் ஷெட்டில் தினமும் டினிக்லிங் என்ற மூங்கில் நடனம் பழகுகிறாள். மூங்கில் பிடிக்க ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

இரண்டு நீள மூங்கில்களை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். தரையில் இரண்டு தட்டு, மூன்றாவதற்கு மூங்கிலோடு மூங்கில் மோதும். நான் மனதுக்குள் தகிட, தகிட என்று எண்ணிக்கொண்டேன், சரியாக வந்தது. ‘ட’ விழும்போது கால் வெளியே போயிருக்க வேண்டும், இல்லையென்றால் கணுக்கால் நசுங்கும். டிக்லிங் என்ற பறவையின் நடையைப் பார்த்து வந்த ஆட்டமாம். 1920களில் பிரான்சிஸ்கா ரேயஸ் அகினோ என்ற ஆசிரியை ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட நடனங்களை எழுதி வைத்தார். இந்தப் பெண் இங்கேயே பிறந்தவள். அம்மாவின் மொழி புரியும், பேச வராது. ஆனால் காலில் தடுமாற்றமே இல்லை.

அவளைப் பார்க்கும்போது ஓவியர் கார்லோஸ் வில்லா ஞாபகம் வருகிறது. உன்னிடம் அவரைப் பற்றிச் சொன்னதே இல்லை, தப்பு என்னுடையது. 1936 இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், பெற்றோர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது பிலிப்பினோ கலை வரலாறு பற்றிக் கேட்டிருக்கிறார். அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. ஒரு மாணவனிடம் இதைவிடக் கொடுமையாக என்ன சொல்லிவிட முடியும்? நியூயார்க் போய், அப்போதைய பாணியில் அளந்து வைத்தாற்போல் வேலை செய்துவிட்டு, 1969 இல் ஊர் திரும்பினார். அப்புறம்தான் எல்லாம் மாறியது. மரச்சட்டத்தில் அடிக்காத கான்வாஸை அங்கியாகத் தைத்து, இறகு வைத்தார். எலும்பு, சிப்பி, முடி எல்லாம் சேர்த்தார். தன் முகத்தின் புகைப்படத்தின் மேல் பச்சை குத்தியதுபோலக் கோடு கோடாக வரைந்தார். தன் உடம்பிலேயே சாயம் பூசித் துணியில் பதித்தார். புத்தகத்தில் இல்லையென்றால் என்ன, உடம்பு இருக்கிறதே!

2022 இல் இங்கே அவருடைய படைப்புகளைப் பெரிய கண்காட்சியாக வைத்தார்கள். அவர் 2013 இலேயே போய்விட்டார். அந்த அங்கிகளின் முன்னால் நின்றபோது, யாரோ ஆடி முடித்துக் கழற்றி மாட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. தன் அப்பா முதன்முதலாகச் சான் பிரான்சிஸ்கோவின் கியர்னி தெருவில் நடந்துபோனதை வைத்தும் ஒரு படைப்பு செய்திருக்கிறார். அந்தத் தலைமுறையில் இங்கே வந்த பிலிப்பினோ ஆண்களை ‘மனோங்’ என்பார்கள், நம் ‘அண்ணன்’ மாதிரி. பகலெல்லாம் பண்ணை வேலை, சனிக்கிழமை கோட்டு சூட்டோடு நடனக் கூடம், ஒரு நடனத்துக்குப் பத்து சென்ட். வெள்ளைக்காரப் பெண்களோடு ஆடுகிறார்கள் என்ற ஆத்திரத்தில் 1930 ஜனவரியில் கலிபோர்னியாவிலேயே இருக்கும் வாட்சன்வில் ஊரில் கும்பல் திரண்டு நாள்கணக்கில் அவர்களைத் தாக்கியது. பெர்மின் டொபேரா என்ற 22 வயது இளைஞன் சுடப்பட்டு இறந்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கார் ஷெட்டில் மூங்கில் தட்டும் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

சரி, ஒன்று கேட்க வேண்டும். உன் அத்தை பாடுகிற கும்மிப் பாட்டுகளை எழுதி வைக்கப் போவதாகச் சொன்னாயே, தொடங்கினாயா? பாட்டோடு அடி எப்படி வைக்கிறார்கள் என்பதையும் படமாக வரைந்து வை. உன் கோடு எனக்குத் தெரியும், நாலு கோட்டில் கால் வந்துவிடும். விழா அடுத்த சனிக்கிழமை. நான்தான் மூங்கில்.

அன்புடன்,
வசந்தி