அந்தப் பென்சில் எட்டு சென்டிமீட்டர் இல்லை

தொடக்க வகுப்புகளுக்குப் பயிற்சித்தாளும் மதிப்பீட்டு வினாக்களும் தயாரித்து அனுப்பும் மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நான் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் இடைநிலை ஆசிரியை. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் என்னுடையது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதைச் சொல்ல இந்த மடல் இல்லை. போன வெள்ளிக்கிழமை நடந்த அளவை மதிப்பீட்டின் மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

'படத்திலுள்ள பென்சிலை அளந்து, அதன் நீளத்தைத் தேர்ந்தெடுக்க.' விடைகள் நான்கு: 6 செ.மீ., 8 செ.மீ., 10 செ.மீ., 12 செ.மீ. உங்கள் குறிப்பின்படி சரியான விடை 8.

தாள் பிடிஎஃப்பாக வந்தது. ஆறு பக்கம். நான்காம் வகுப்பில் பதினொரு பேர். ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 2 ரூபாய் என்றால் 132 ரூபாய், என் கைக்காசு. அதனால் இரண்டு பக்கத்தை ஒரே தாளில் சுருக்கி 66 ரூபாயில் முடித்தேன். சுருக்கியது என் குற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுருக்காமல் எடுத்தாலும் ஓரம் விடுவதற்காக அந்த மிஷின் கொஞ்சம் குறைத்துத்தான் போடும். திரையில் எட்டு சென்டிமீட்டராக இருக்கும் பென்சில் எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது எத்தனை சென்டிமீட்டர் என்பது கடைக்காரர் கையில் இருக்கிறது.

வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்து, சுழியைப் பென்சிலின் அடிப்பக்கத்தில் சரியாக வைத்து, கண்ணை நேர் மேலே கொண்டுபோய்ப் படித்தாள். நான் ஒரு வாரம் தொண்டை வற்றக் கத்திச் சொல்லிக்கொடுத்த முறை அது. மறுபடி அளந்தாள். அப்புறம் தாளைக் கொண்டுவந்து, "டீச்சர், இதுல விடையே இல்ல. அஞ்சு சென்டிமீட்டர், ஆறு மில்லிமீட்டர் வருது. ரெண்டு வாட்டி அளந்துட்டேன்" என்றாள். நான் பேசாமல் போய் உட்காரச் சொன்னேன். நான்கு விடையையும் விட்டுவிட்டு, ஓரத்தில் '5 செ.மீ. 6 மி.மீ.' என்று எழுதிவைத்தாள்.

அவள் பக்கத்தில் இருந்த பையனிடம் ஸ்கேலே கிடையாது. குத்துமதிப்பாக எட்டில் டிக் அடித்தான். விடைகளைப் பதிவேற்றும் செயலியில் அவனுக்குப் பச்சை, அவளுக்குச் சிவப்பு. நான்கு பொத்தான்தான் இருக்கிறது, ஐந்தாவது பொத்தான் இல்லை. எதையாவது தொட்டால்தான் அடுத்த கேள்விக்கு விடும். சிவப்பு வந்த பிள்ளைகளுக்கு 'நீளத்தை அளக்கத் தெரியவில்லை' என்று அறிக்கையும் தயாராகிவிட்டது. பதினொரு பேரில் அளந்தது அவள் ஒருத்திதான்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அளக்கும் பாடத்துக்கு அளக்கும் பொருளைக் கொடுங்கள். மதிப்பீடும் பிள்ளை கையால் எதையாவது நிஜமாக அளப்பதாக இருக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணிதப் பெட்டி வந்தது. நன்றி. அதிலிருந்த பிளாஸ்டிக் தராசு காலியாக இருக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். மீட்டர் குச்சியின் முனையில் இரண்டு சென்டிமீட்டர் உடைந்துபோனது. '2-லிருந்து ஆரம்பி, கடைசியில் ரெண்டைக் கழி' என்று பழக்கி வைத்திருக்கிறேன். அளவையோடு கழித்தல் இலவசம்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொன்ன பிள்ளையின் அம்மா பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர். முழம் முப்பது ரூபாய் என்றால் நாலு முழம் 120. கையில் நூறுதான் இருக்கிறது என்றால் மூணு முழம் கொடுத்துப் பத்து ரூபாய் மீதி கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்வாள். இதே பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுவிடும். கரும்பலகையை ஆளுக்கு ஆள் தன் முழத்தால் அளக்கச் சொன்னேன். ஒருவனுக்கு ஏழு வந்தது, ஒருத்திக்கு ஒன்பது. அரைமணி நேரம் சண்டை. 'எல்லாருக்கும் ஒரே அளவு வேணும் டீச்சர்' என்று அவர்களே சொன்னபிறகுதான் அந்த உடைந்த குச்சியை வெளியே எடுத்தேன்.

பெருக்கலும் அப்படித்தான். வகுப்பறைத் தரையில் வரிசைக்கு 13 டைல்ஸ், ஒன்பது வரிசை. முதலில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து எண்ணினார்கள், பாதியில் குழம்பினார்கள். பிறகு ஒருவன், "ஒன்பது பதிமூணு போட்டா போதும்" என்றான். 117. கதவோரத்தில் இரண்டு பாதிக் கல் தனியாக இருப்பதை இன்னொருத்தி கண்டுபிடித்து 118 ஆக்கினாள். சத்துணவில் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. இன்று வந்தவர்கள் 46 பேர், அப்படியானால் 4,600 கிராம், அதாவது 4 கிலோ 600 கிராம். அமைப்பாளர் அக்காவிடம் கெஞ்சி, அரிசி நிறுக்கும்போது இரண்டு பேரை அருகே நிற்கவைக்கிறேன். எங்கள் பள்ளியில் ஒழுங்காக நிற்கிற தராசு அந்த ஒன்றுதான்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். நேரம் எங்கே போகிறது என்று சொல்லவா? சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வேப்பமரத்தடிக்கும் மொட்டைமாடிக்கும் போகிறது. 2007-ல் செயல்வழிக் கற்றல் என்ற திட்டத்தின் பாட அட்டைகளும், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படியும் மாநிலம் முழுக்க வந்தன. அப்புறம் போயின. 2022-ல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது. கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டோம். பெயர் மாறும்போதெல்லாம் பயிற்சி, பதிவேடு, பதிவேற்றம் எல்லாம் புதிதாக வரும், மீட்டர் குச்சி மட்டும் வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது என்றார்கள் நம் பெரியவர்கள். நாம் அதை எடைபோட்டு மதிப்பெண்ணே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு தராசும் பிடிஎஃப்பில் வருமோ என்னவோ.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

ஒரு பள்ளிக்கு இரண்டு தையல் டேப், உடையாத ஒரு மீட்டர் குச்சி, எடைக்கற்களோடு நேராக நிற்கும் ஒரு தராசு, ஒரு லிட்டர், அரை லிட்டர், 200 மில்லி குவளைகள். இவ்வளவுதான். இவை வரும்வரை, அளவைக்கான கேள்வியை 'மேசையின் நீளத்தை அளந்து எழுதுக' என்று மாற்றிவிடுங்கள். எந்த மேசை, என்ன விடை என்பதை வகுப்பில் நிற்கிற நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த நம்பிக்கையை மட்டும் எங்கள் மேல் வையுங்கள். அளக்கும் பாடத்துக்கு அளக்கும் பொருளைக் கொடுங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளையின் மூன்றாவது கேள்விக்கு வந்த சிவப்பையும் முடிந்தால் பச்சையாக மாற்றிக்கொடுங்கள். தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
நான்கு, ஐந்தாம் வகுப்பு ஆசிரியை

பி.கு.: அவள் விடைத்தாளை அப்படியே இணைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. எடுத்தால் பென்சில் இன்னும் சுருங்கிவிடும்.