பட்டையை உருவினா லாரி சொகுசாயிடாதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய லாரிங்களை பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வெச்சிருக்கறவங்களைப் பத்தி உங்க பேப்பர்ல வந்ததைப் படிச்சேன், சந்தோஷம். ஆனா பின்னாடி கமான்ல (ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஸ்பிரிங் மாதிரி அடுக்கி வெச்ச வளைஞ்ச பட்டைங்க) நாலஞ்சு பட்டையை உருவிட்டா வண்டி கார் மாதிரி போகும்னு நடுவுல ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதை நம்பி யாரும் பட்டறைக்கு ஓடிடக் கூடாதேன்னுதான் எழுதறேன்.

எங்கப்பா ஓட்டின டாடா 1210 இன்னும் எங்க வாசல்லதான் நிக்குது. லோடோட 12 டன் தாங்கணும்னு செஞ்ச வண்டிங்க அது, இப்ப நானும் பொங்கலுக்கு ரெண்டு கரும்புக் கட்டும் மட்டும் போனா கமான் எங்க அசையும், ஸ்பீட் பிரேக்கர்ல தலை போய் கேபின்ல இடிக்கும். நானும் ஆசைப்பட்டு ஒரு பட்டறைல விட்டேன். அடியில இருந்த மூணு குட்டைப் பட்டையைக் கழட்டிட்டு, மிச்சத்தை கேஸ் வெச்சு சூடு பண்ணி வளைவைக் குறைச்சு மாட்டிக் குடுத்தாங்க. ரெண்டு மாசம் மெத்தை மாதிரி போச்சு. மூணாவது மாசம் காலி வண்டியா வரும்போதே மெயின் பட்டை, அதாங்க அடுக்குல மேல இருக்கற நீளப் பட்டை, அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கற சென்டர் போல்ட் ஓட்டைகிட்ட படக்குன்னு விட்டு, ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னாடி இழுத்துக்கிட்டு நடு ரோட்ல நின்னேன். நல்லவேளை, எதுக்க பஸ் எதுவும் வரல.

அந்தக் குட்டைப் பட்டைங்க சும்மா இல்லைங்க, நடுவுல வர்ற பாரத்தை அதுங்கதான் தாங்கிப் பிடிக்குது. கேஸ்ல காய்ச்சினா பட்டையோட டெம்பரும், அதாவது வளைஞ்சு நிமிர்ற உறுதியும் போயிடும்.

அப்புறம் ஒரு வயசான கமான் மேஸ்திரி கழட்டிப் போட்டுக் காட்டினாரு, பட்டைக்கு நடுவுல துரு ஏறி எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே உத்திரமா இருந்துச்சு, கீழ்ப்பட்டை முனை மேல்ப்பட்டையை அரிச்சு விரல் பதியற அளவுக்குப் பள்ளம். கமான் முனையை சேசிஸோட சேர்த்து ஆட விடற சாக்கில் பின்னும் இறுகிப் போச்சு. முதல்ல இதைப் பாருடான்னாரு. துருவைத் தேய்ச்சு, முனையை உருட்டி, கிராஃபைட் கிரீஸ் தடவினதுக்கே பாதி உதறல் போச்சு. ஆனா பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு உரசற உரசல்தான் ஆட்டத்தையும் நிறுத்தும், அதனால கிரீஸ் போட்டா ஷாக் அப்சார்பரும் நல்லா இருக்கணும். மேல இருக்கற ஹெல்பர் கமான், அதாவது லோடு ஏறினா மட்டும் வேலை செய்யற சின்ன அடுக்கு, காலி வண்டில எதையும் தொடாம நிக்குதான்னும் பார்த்துக்கங்க.

அப்பவும் பத்தலைன்னா பட்டையோட கனத்தைக் குறைக்கணும். ஒரே கனத்துல பத்து பட்டை இருந்து ஒண்ணை எடுத்தா விறைப்பு பத்துல ஒரு பங்குதான் குறையும், ஆனா 12 மில்லி பட்டைக்கு பதிலா 10 மில்லி போட்டா அந்தப் பட்டை விறைப்புல நூத்துக்கு 42 பங்கு போயிடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மாத்தணும், அப்புறம் பழைய லோடை நெனச்சும் பாக்கக் கூடாது.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க சார். இடம் இல்லைன்னா, மெயின் பட்டையையும் அதுக்கு அடுத்ததையும் தொடாதீங்க, சென்டர் போல்ட்டைப் புதுசாப் போடுங்க, 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு கமானை ஆக்ஸிலோட கட்டற யூ போல்ட்டைத் திரும்ப முறுக்குங்கன்னு இதையாவது போட்டுருங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய லாரிக்காரன்,
சங்ககிரி