மலையில் கவியரங்கம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மலைச்சரிவுகளில் திறந்தவெளிக் கவியரங்கம் நடத்திவரும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நான்கு சுவர்களுக்குள் இருந்த கவிதை வாசிப்பை மலைக்கு அழைத்துச் செல்லும் உங்கள் முயற்சியை மனமார வரவேற்கிறேன். அது நிலைக்க வேண்டும் என்ற விருப்பத்தால்தான் இந்த வேண்டுகோளை எழுதுகிறேன். ஒலிபெருக்கியையும் ஜெனரேட்டரையும் அடிவாரத்திலேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. அதில் புலவர் பெருங்கௌசிகனார், குறுநில மன்னன் நன்னனின் மலையில் எழும் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் மகளிரின் குரல், புலி பாய்ந்து புண்பட்ட கணவனுக்காக மனைவி பாடும் பாட்டு, பாறைப் பிளவில் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் அழுகை என மனிதரும் விலங்கும் அங்கே ஒரே வரிசையில் ஒலிக்கிறார்கள். அப்படிப்பட்ட செவி நமக்கும் வாய்க்க வேண்டுமானால், நம் குரல் அந்த வரிசையில் ஒன்றாக நிற்க வேண்டுமே தவிர, மற்ற அனைத்தையும் மூடிவிடக் கூடாது. பறவைகள் இணையை அழைப்பதும் எல்லையை உணர்த்துவதும் ஒலியால்தான் என்பதையும், அவை மிகுதியாகப் பாடுவது விடியலில் என்பதையும் நிகழ்ச்சி நேரத்தைக் குறிக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி இல்லாமல் எப்படிக் கேட்கும் என்று நீங்கள் கேட்பது நியாயமே. கிரேக்கர்கள் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எபிடாரஸ் என்ற ஊரின் நாடக அரங்கில் மலைச்சரிவையே இருக்கைகளாக்கி, நடிப்பவரைக் கீழே நிறுத்தினார்கள். நமக்கும் அந்த முறை பொருந்தும். பகலில் வெயில் பட்டுச் சரிவு சூடேறுவதால் காற்று பெரும்பாலும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கி ஏறும். காற்றின் போக்கில் செல்லும் ஒலி தரைப்பக்கமாக வளைந்து கேட்போரை எட்டும், எதிர்த்துச் செல்லும் ஒலியோ மேலே வளைந்து தலைக்கு மேலாகப் போய்விடும். எனவே பகலில் வாசிப்பவர் கீழேயும் கேட்பவர்கள் மேலேயும் இருக்கட்டும். அந்திக்குப் பின் சரிவு குளிர்ந்து காற்று இறங்கத் தொடங்கினால், இடத்தை மாற்றிக்கொள்ளலாம். அருவிக்கு அருகில் மட்டும் வேண்டாம். அங்கே எந்தக் குரலும் எடுபடாது.

திறந்தவெளியில் தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பதால், கூட்டமும் சிறிதாகவே இருந்தாக வேண்டும். இதை ஓர் இழப்பாக நான் கருதவில்லை. கி.பி. 353இல் சீனாவின் லாண்டிங்கில் எழுத்துக்கலைஞர் வாங் சிஷி கூட்டிய புகழ்பெற்ற கவிஞர் சந்திப்பில் இருந்தவர்கள் 42 பேர்தான். வளைந்தோடும் ஓடையின் கரையில் அவர்கள் அமர்ந்திருக்க, நீரில் மிதந்துவரும் மதுக்கிண்ணம் யார் முன் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும். அன்று யார் எப்போது வாசிப்பது என்பதை முடிவு செய்தது ஓடை. உங்கள் அரங்கிலும் நிகழ்ச்சி நிரலை இறுக்கமாக வகுக்காமல், மஞ்சு இறங்கினாலோ காற்று கூடினாலோ வாசிப்பை நிறுத்திக் காத்திருக்க இடம் விடுங்கள்.

இடி கேட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே முகட்டையும் தனிமரங்களையும் விட்டு விலகிப் பாதுகாப்பான கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியும்வரை யாரும் திரும்பக் கூடாது. மலையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், முற்பகல் அமர்வே நல்லது.

இன்னொன்று. அந்த மலையிலேயே வாழ்பவர்களை விருந்தினர்களாக முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, நாம் மட்டும் மலையைப் பற்றி வாசிப்பது எனக்கு உறுத்துகிறது. அவர்கள் மொழியில், அவர்கள் பாட்டிலிருந்து அரங்கம் தொடங்கட்டும். நமக்குப் புரியாவிட்டாலும் கேட்போம். அடுத்த அழைப்பிதழில் கவிஞர்களின் பெயர்ப் பட்டியலை அச்சிடுவதற்கு முன், அந்த மலைவாழ் மக்களிடம் நாளையும் இடத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் அரங்குகளில் கேட்டிருக்கும் ஒரு வாசகர்